பைக் பூட்ஸ்: அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்

ஆபீஸுக்கு பைக்கில் போய்வர பூட்ஸ் வாங்கும்போது, பாதத்தின் அகலமான இடத்தில் அடிப்பாகத்தை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் பிடித்து நன்றாக நெருக்குங்கள். உள்நோக்கி மடங்கினால் அப்படியே வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

வண்டி சாயும்போது கால் அதற்கும் ரோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பாதம் பக்கவாட்டில் நசுங்காமல் காப்பது அந்த விறைப்புதான். இஎன் 13634 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ள பூட்ஸில், உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள்: பைக் படத்தோடு நான்கு இலக்கங்கள் இருக்கும். நான்காவது இதற்கானது. 1 என்றால் தேறியது, 2 இன்னும் உறுதி.

இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவுக்கு இந்தச் சோதனை அப்படியே ஒத்துவராது. விரல் பக்கம் கல் மாதிரி இருக்கும், அதற்குப் பின்னால் தளர்ந்துவிடும். அங்கே அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அவை கணுக்காலையும் மூடுவதில்லை. மழையில் வழுக்குமா என்பதையும் இந்த அழுத்தல் சொல்லாது, அதற்கு அடிப்பாகத்தின் வரிப்பள்ளங்களைத்தான் பார்க்க வேண்டும். நாள் முழுக்க நடந்தே வேலை பார்ப்பவர்களுக்கு விறைப்பான பூட்ஸ் கால்வலி தரும். ஆபீஸில் மாற்று ஷூ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.