ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு அமைதியாகத் தீபாவளி கொண்டாடுவது எப்படி?

ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் தீபாவளி நெருங்கினாலே வயிற்றில் ஒரு கலக்கம் வரும். விடியாத நேரத்துக் குளியல், குத்தும் புதுத்துணி, வீடு நிறைய ஆட்கள், தெருவெல்லாம் வெடி என்று பிள்ளைக்கு ஒத்துவராத அத்தனையும் ஒரே நாளில் வந்து நிற்கும். அதற்காகப் பண்டிகையே வேண்டாம் என்று இருந்துவிடத் தேவையில்லை. இரண்டு மூன்று காரியங்களை மட்டும் வைத்துக்கொண்டு வருஷா வருஷம் அதே வரிசையில் செய்யுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மகனே அடுத்தது என்ன என்று நினைவுபடுத்துகிறான்.

1. மூன்று வாரத்துக்கு முன்: எதை வைத்துக்கொள்வது?

குளியல், துணி, பலகாரம், விளக்கு, உறவினர் வீடு, வெடி என்று எழுதிக்கொண்டு, பிள்ளைக்குத் தொந்தரவு தருவதை அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சியவை எண்ணெய்க் குளியல், முறுக்கு, அகல் விளக்கு. முறுக்கு பிழிவது மகனுக்கு உயிர். மரஅச்சை இரண்டு கையாலும் அழுத்துவதில் கிடைக்கும் இறுக்கம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். அடுப்புப் பக்கம் விடுவதில்லை. கரண்டியின் பின்பக்கத்தில் அவன் பிழிந்து கொடுப்பான், நான் எண்ணெயில் தள்ளுவேன். கோணல்மாணலாகத்தான் வரும்; வரட்டும்.

2. புதுத்துணி

வாங்கியதும் கழுத்துப் பட்டையில் இருக்கும் லேபிளைத் தையல் பிரித்து எடுங்கள். கத்தரித்தால் மிச்சம் நிற்கும் முனை இன்னும் மோசமாகக் குத்தும். கஞ்சி போக இரண்டு முறை துவைத்து, வீட்டில் கொஞ்ச நேரம் போட்டுப் பழக்குங்கள். ஜரிகை, கல் வைத்த வேலைப்பாடு வேண்டாம். அவன் தினமும் போடும் டீ-ஷர்ட்டையே அதே நிறத்தில் புதிதாக வாங்கினாலும் அது புதுத்துணிதான். மஞ்சளை உள்மடிப்பில் வையுங்கள். வெளியே ஒரு பொட்டு தெரிந்தாலும் "அழுக்கு" என்று கழற்றிவிடும் பிள்ளைகள் உண்டு.

3. எண்ணெய்க் குளியல்

"தீபாவளியன்னிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காம இருக்கலாமா?" என்று பாட்டி கேட்பார். வைக்கலாம், மூன்று சொட்டு. மிளகு, ஓமம் போட்டுக் காய்ச்ச வேண்டாம், அந்த வாசனையே சில பிள்ளைகளுக்குத் தாங்காது. வெறும் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி முதலில் அவன் உள்ளங்கையில் விடுங்கள். தொட்டுப் பார்த்த பிறகு தலைக்கு. சீயக்காய்க்குப் பதில் வழக்கமான ஷாம்பு போதும். நான்கு மணிக்கு எழுப்பவும் வேண்டாம், வழக்கமாக எழும் நேரமே இருக்கட்டும். தூக்கம் கெட்டால் அன்றைய நாள் முழுக்கக் கெட்டது.

4. படவரிசை

அன்று நடக்கப்போவதை ஐந்தாறு படமாக ஒட்டுங்கள். வரைய வேண்டாம், போன வருஷம் எடுத்த போட்டோவே நல்லது. ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளையே கழற்றி டப்பாவில் போடட்டும். கடைசிப் படம் அவனுக்கு மிகவும் பிடித்ததாக இருக்க வேண்டும்.

அப்புறம் தெரபிஸ்ட்கள் சோஷியல் ஸ்டோரி என்பார்களே, அதுபோல நாலு வரி எழுதி, ஒரு வாரம் தினமும் படித்துக் காட்டுங்கள்: "தீபாவளிக்கு வெடிச் சத்தம் வரும். சத்தம் வந்தால் நான் காதுக் கவசம் போடுவேன். அம்மா பக்கத்தில் இருப்பார். சத்தம் நின்றுவிடும்."

5. சத்தம்

பல பிள்ளைகளுக்குச் சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் பெரிய வேதனை. தமிழ்நாட்டில் 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் ஒதுக்கிவருகிறது. தெரு அதை அப்படியே கேட்காது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தையாவது படவரிசையில் சேர்த்துவிடலாம்.

4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளுக்கு 1999 முதல் தடை இருக்கிறது. நல்ல காதுக் கவசம் 20, 30 டெசிபல் வரை குறைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கவசம் மட்டும் போதாது. தெருவிலிருந்து தள்ளி இருக்கும் அறை, சாத்திய ஜன்னல், ஓடும் ஃபேன், அவனுக்குப் பழகிய பாட்டு எல்லாம் சேர்ந்தால்தான் தாங்கும். கவசத்தை முன்கூட்டியே தினம் ஐந்து நிமிடம் போட்டுப் பழக்குங்கள். அன்றைக்குப் புதிதாக மாட்டினால் பிடுங்கி எறிவான்.

ஊரை விட்டுப் போவதும் ஒரு வழி. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகப் பல வருஷமாகவே வெடி வெடிப்பதில்லை. ஆனால் புது இடத்தில் தூங்காத பிள்ளை என்றால் வீடே மேல்.

6. உறவினர்கள்

ஒரு வாரம் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்: "நாங்கள் மறுநாள் வருகிறோம். அவனாக வரும்வரை தூக்க வேண்டாம், முத்தம் கேட்க வேண்டாம். அவன் உள் அறைக்குப் போனால் பின்னால் போக வேண்டாம்." கோபித்துக்கொள்ளும் பெரியப்பா ஒருவர் இருக்கத்தான் செய்வார். அவருக்கு மட்டும் தனியாக போன் போட்டுச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் படங்களையும் கவசத்தையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், சில வாரத்தில் கார்த்திகை வந்துவிடும். அன்றைக்கு வெடி குறைவு, விளக்கு அதிகம். உண்மையில் முதன்முதலாகப் பழக்கத் தொடங்குகிறவர்கள் தீபாவளியை விட்டுவிட்டுக் கார்த்திகையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.