பாசன மாவட்டத்தில் பில் கொடுத்தால் பணம் எப்படி வரும்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாசன மாவட்டத்துக்குக் கணக்குப் பார்க்கிறேன். இது கலெக்டர் இருக்கிற மாவட்டம் இல்லை. வாய்க்கால் பாயும் நிலக்காரர்கள் தேர்ந்தெடுத்த வாரியம் நடத்தும் பொது அமைப்பு. அவர்கள் நிலத்துக்குக் கட்டும் தீர்வைப் பணத்திலிருந்துதான் உங்கள் பில்லுக்கும் கொடுக்கிறோம். அதனால்தான் இத்தனை கேள்வி கேட்கிறோம்.

பொருளோ வேலையோ கொடுத்தவர்கள் பில்லில் தேதி, அளவு, இடம் மூன்றையும் எழுதிவிடுங்கள். போன மாதம் ஒரு பில் வந்தது: "வாய்க்கால் தூர் வாரியது, 8 மணி நேரம்." அவ்வளவுதான். எந்த வாய்க்கால், என்றைக்கு? வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் நீர்க்கட்டியைக் கூப்பிட்டு, அவர் டைரியைப் புரட்டி, மதகு எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் அந்த மாத வாரியக் கூட்டமே முடிந்துவிட்டது. பொருள் வந்தது, வேலை நடந்தது, பணம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்று, பில்களைச் சரிபார்க்கும் எங்கள் தணிக்கை அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யென்று தெரிந்தே போட்டால் பொய்ச்சாட்சிக் குற்றம். தெரியாததற்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அப்புறம் வாரியக் கூட்டம். வாரியம் அனுமதித்த உங்கள் பில்லை வவுச்சரோடு (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) இணைத்து, தலைவர் ஒப்புதல் தர, செயலாளர் கையெழுத்திட்டதும் அது கவுண்டி (மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பகுதி) பொருளாளரிடம் போகும். கூட்டத்துக்கு முன்பே பணம் கொடுக்கவும் வழி உண்டு. அதற்கு வாரியம் விதிமுறைகளை ஏற்றிருக்க வேண்டும். தணிக்கை அலுவலருக்கும் காசோலையில் கையெழுத்திடுபவருக்கும் குறைந்தது 50,000 டாலர் பிணைப்பத்திரம் (அவர்களால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் உத்தரவாதம்) இருக்க வேண்டும். பிறகு வாரியம் மறுத்தால் கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிக்க வேண்டியதுதான்.

பயிர்ச் சேதத்துக்கு எங்களிடம் இழப்பீடு கேட்பதென்றால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இங்கேதான் விவசாயிகள் ஏமாந்துபோகிறார்கள். கரை உடைந்து தண்ணீர் நின்ற குதிரைமசால் (தீவனப் பயிர்) வயலை ஒருவர் அறுத்துக் கட்டி லாரியில் ஏற்றிய பிறகு, படங்களோடு வந்தார். நிஜமான சேதம்தான், எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் சட்டப்படி, பயிரை அறுப்பதற்குக் குறைந்தது 3 நாள் முன்பே எழுத்தில் முன்னறிவிப்பு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்குக்கூடப் போட முடியாது. இழப்பீடு கேட்டிருக்கிறோம் அல்லது கேட்கப்போகிறோம் என்று ஒரு வரி, உங்கள் பெயர், முகவரி, வயல் சரியாக எங்கே இருக்கிறது, சேதத்துக்குக் காரணம், தோராயமான தொகை, இவ்வளவு போதும். சத்தியப்பிரமாணம் எதுவும் வேண்டாம்.

முன்னறிவிப்பு கொடுத்துவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். முறையான இழப்பீட்டுக் கோரிக்கையைத் தனியாகத் தர வேண்டும். அதைக் கொடுத்து 60 நாள் கழிந்த பிறகுதான் நீதிமன்றம் போகலாம்.

அறுவடை நெருக்கடியில் வயலை விட்டு நகர முடியவில்லையா? சரி, முன்னறிவிப்பை உங்களுக்காக வேறு யாரும் கொடுக்கலாம். மகளை அனுப்புங்கள். மாவட்டச் செயலாளரிடம், அவர் இல்லையென்றால் வாரிய இயக்குநர் (உறுப்பினர்) ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.