இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளியில் தன்னார்வ ஆளுநராகப் பணியாற்றுவது எப்படி?

இங்கிலாந்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆளுநர் (பள்ளியை மேற்பார்வையிடும் குழுவின் உறுப்பினர்) பொறுப்பை ஏற்க, ஆசிரியப் பணி அனுபவம் தேவையில்லை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கும் உட்பட வேண்டும். பதவிக்காலம் பெரும்பாலும் 4 ஆண்டுகள், ஊதியம் கிடையாது.

பள்ளியின் நோக்கத்தை வகுத்தல், மாணவர்களின் கல்வி முன்னேற்றம் குறித்துத் தலைமையாசிரியரிடம் விளக்கம் கோருதல், பணம் முறையாகச் செலவாவதை உறுதிசெய்தல் ஆகியவை ஆளுநர் குழுவின் மையக் கடமைகள். இவற்றுள் இரண்டாவதே கடினமானது. வாசிப்புத் தேர்ச்சி குறைந்திருப்பதாக அறிக்கை கூறினால், எந்தப் பிரிவு மாணவர்களிடம் குறைந்துள்ளது, அதற்கு என்ன செய்யப்படுகிறது, அது பயன் தந்ததை எப்போது, எதைக் கொண்டு அறியலாம் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணிவு குன்றாமல் மீண்டும் கேளுங்கள். தலையாட்டிவிட்டு வரும் ஆளுநரால் பள்ளிக்குப் பயனில்லை என்பதே என் கருத்து.

அதே வேளையில், அன்றாட நிர்வாகம் தலைமையாசிரியருடையது. அதிகாரம் குழுவுக்கே உரியது. குழு ஒப்படைத்தாலொழிய தனி ஆளுநர் எதையும் முடிவுசெய்ய இயலாது. ஆகவே, பள்ளி வாசலில் ஒரு பெற்றோர் ஆசிரியரைப் பற்றிக் குறை கூறினால், நீங்களே விசாரிக்க முற்படாமல், பள்ளியின் முறையீட்டு நடைமுறையை அவருக்குச் சுட்டிக்காட்டுங்கள். வகுப்பறையைப் பார்வையிடச் செல்வதாயின் நோக்கத்தை முன்கூட்டியே தெரிவியுங்கள். ஆசிரியரின் கற்பித்தலை மதிப்பிடுவது உங்கள் வேலையன்று.

கூட்ட ஆவணங்கள் வழக்கமாக 7 நாட்களுக்கு முன்னரே வந்துவிடும். வரவுசெலவுத் தாள்களை முதலில் படியுங்கள். உறவினரின் நிறுவனத்துக்குப் பள்ளி ஒப்பந்தம் அளிப்பது போன்ற நலன் முரண்பாடு இருப்பின், அதைத் தயங்காமல் அறிவித்துவிட்டு, அவ்விவாதத்திலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.