கடல்நீரில் கோபால்ட்: அளப்பவர்களும் படிப்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல்நீரில் கரைந்திருக்கும் கோபால்ட் மிக மிகக் குறைவு. திறந்த கடலின் மேற்பரப்பில் பல இடங்களில் லிட்டருக்குச் சில பிக்கோமோல்தான் (பிக்கோமோல் என்பது ஒரு மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). சில நூறு மீட்டர் ஆழத்தில் அது சில பத்துகளாக உயரும். 50 பிக்கோமோல் என்பது லிட்டருக்குச் சுமார் 3 நானோகிராம். இந்தத் துளியிலும் பெரும்பங்கு தனி அயனியாக இருப்பதில்லை. கரிம ஈனிகளோடு, அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் கரிம மூலக்கூறுகளோடு, பிணைந்து அணைவாகக் கிடக்கிறது. எந்தப் பங்கை அளக்கிறோம் என்பதைக் கவனிக்காமல் விடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் அமிலம். மாதிரியை வடிகட்டி, அமிலம் சேர்த்து, பி.எச். 2-க்குக் கீழே இறக்கிச் சில மாதங்கள் வைத்தால் பிணைந்த உலோகம் எல்லாம் விடுபட்டுவிடும் என்று நினைக்கிறோம். பல உலோகங்களுக்கு இது சரி. கோபால்ட்டுக்குப் போதாது. அதன் வலுவான அணைவுகளில் ஒரு பகுதி அந்த அமிலத்திலும் உடையாமல் நிற்கும். அதனால் மொத்தக் கரைந்த கோபால்ட் வேண்டுமென்றால், குவார்ட்ஸ் குழாயில் ஊற்றி, வலுவான புற ஊதா ஒளியில் ஒரு மணி நேரமாவது வைத்துக் கரிமப் பொருளைச் சிதைக்க வேண்டும். உலோகத்தைப் பிடிக்கும் பிசினில் செறிவூட்டி, அணுக்களை நிறைப்படி பிரித்து எண்ணும் நிறைமாலைமானியில் அளந்தாலும் இந்தப் படியை விட்டுவிட முடியாது. புற ஊதா ஒளி காட்டாமல் எடுத்த பழைய எண்களைப் புதிய எண்களோடு ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு, "கோபால்ட் கூடியிருக்கிறது" என்று முடிவு கட்டுவது இதன் தொடர்ச்சியான தவறு. கூடியது கடலில் அல்ல, அளவீட்டில்.

எளிதில் விடுபடும் கோபால்ட்டை அளக்க வேண்டுமென்றால் வழி நேர் எதிர். அமிலமும் கூடாது, புற ஊதா ஒளியும் கூடாது. குளிர்பதனத்தில் 4 டிகிரியில் வைத்த நீரில் கோபால்ட்டைப் பிடிக்கும் டைமெத்தில்கிளையாக்சைம் என்ற சேர்மம் சேர்த்து, ஓர் இரவு விட்டு, வோல்டாமெட்ரியில், அதாவது மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறையில், பார்க்கிறோம். கோபால்ட்டைப் பிடித்த அந்தச் சேர்மம் மின்முனையான பாதரசத் துளியின்மேல் படியும். மின்னழுத்தத்தை நகர்த்தும்போது சுமார் −1.1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிகரம் எழும். நைட்ரைட் சேர்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும். பக்கத்திலேயே நிக்கலின் சிகரம் நிற்கும். கடல்நீரில் நிக்கல் பல மடங்கு அதிகம் என்பதால், இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பொறுமை வேண்டும். அப்புறம், வினைப்பொருள்களிலேயே கோபால்ட் மாசு இருக்கும். சுத்திகரிக்காத டைமெத்தில்கிளையாக்சைமும் பி.எச். மாறாமல் வைக்கும் தாங்கல் கரைசலும் மாதிரியில் உள்ள அளவுக்கே கோபால்ட்டைக் கொண்டுவந்துவிடலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த தவறுதான்: ஈனியும் கோபால்ட்டும் எப்போதும் சமநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வது. கரைந்த கோபால்ட் அயனி +2 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. கரிமத்தோடு பிணைந்து +3 நிலைக்குப் போய்விட்டால், அந்த அணைவு மந்தமாகிவிடும். ஈனியை மாற்றிக்கொள்ள அதற்கு நாள்கணக்கு போதாமல் போகலாம். அப்படி இருக்கும்போது, உலோகத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பார்த்து ஓர் இரவில் முடியும் தரம்பார்ப்பிலிருந்து, பிணைப்பின் வலுவைக் காட்டும் பிணைப்பு மாறிலி ஒன்றைக் கணக்கிட்டு, அதையே இறுதி எண்ணாக எழுதுவது தவறு. 10-இன் 16-ஆவது அடுக்கு, அதற்கும் மேல் என்று வரும் எண்களைக் கீழ்வரம்பாக எடுத்துக்கொள்வதே நேர்மை.

"விடுபடாதது உயிர்களுக்குப் பயன்படாது" என்ற முடிவும் அவசரமானது. விடுபடும் பங்கு என்பது குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளோடு குறிப்பிட்ட நேரத்தில் வினைபுரிந்த பங்கு, அவ்வளவுதான். புரோகுளோரோகாக்கஸ் என்ற நுண்ணிய சயனோபாக்டீரியாவுக்குக் கோபால்ட் இல்லாமல் வளர்ச்சியே இல்லை. ஏற்கெனவே அதன் செல்கள் வளர்ந்த ஊடகத்தில் அது கோபால்ட்டை வேகமாக உள்ளே எடுத்துக்கொள்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். செல்கள் வெளியிடும் ஏதோ ஒரு ஈனி அதற்கு உதவுகிறது என்றுதான் அதைப் படிக்க முடியும்.

சிலர் கடலின் கரிமக் கோபால்ட் முழுவதும் வைட்டமின் பி12 என்றே எழுதுகிறார்கள். பி12-இன் நடுவில் கோபால்ட் இருப்பது உண்மை. ஆனால் கடல்நீரில் அதன் செறிவு பொதுவாக ஒரு பிக்கோமோலுக்கும் குறைவு, அதிகம் போனால் சில பிக்கோமோல். மீதியை அதை வைத்து விளக்க முடியாது.

கடைசியாக, ஆக்சிஜன் குறைந்த ஆழங்களின் நீர். பெருவுக்கும் மொரிட்டானியாவுக்கும் அப்பால் இப்படிப்பட்ட அடுக்குகளில் கோபால்ட் உயர்ந்து நிற்கிறது. காரணங்களில் ஒன்று, அதைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும் மாங்கனீஸ் ஆக்சைடுகள் அங்கே நிலைக்காததுதான். இந்த நீரைச் சாதாரணப் பாட்டிலில் காற்றோடு வைத்தால், சேமிப்பிலேயே கோபால்ட் குறைந்துபோகும். ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப்புகாத பையில் அடைத்துக் குளிரில் வைக்க வேண்டும். முடிந்தால் கப்பலிலேயே அளந்துவிடுவது இன்னும் நல்லது.