வேலையை விட்டுப் போகிறவரோடு காஸ்டிங் ஷீட்டும் போகாமலிருக்க

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். மெர்ச்சண்டைசர்கள், அதாவது பையரிடம் (துணி வாங்கும் கம்பெனியிடம்) ஆர்டர் பேசி முடித்துக் கொடுப்பவர்கள், கம்பெனி மாறுவது இந்த ஊரில் சகஜம். இங்கே ரிசைன் செய்தவர் அடுத்த மாதமே இரண்டு தெரு தள்ளி, அதே பையருக்குத் துணி தைக்கும் இன்னொரு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். 'விலகிய பின் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன்' என்று எழுதி வாங்கினாலும், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. அவர் கற்ற தொழிலை அவர் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஃபைலைத்தான் கொண்டுபோகக் கூடாது.

எந்த ஃபைல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எல்லாமே ரகசியம் என்று சொன்னால் யாரும் எதையும் ரகசியமாக நினைக்க மாட்டார்கள். எங்களுக்கு முதல் இடம் காஸ்டிங் ஷீட்டுக்கு, அதாவது அடக்க விலைக் கணக்குத் தாளுக்கு. நூல் என்ன விலை, நிட்டிங் கூலி எவ்வளவு, சாயப்பட்டறைக்கு எவ்வளவு, பிராசஸ் லாஸ் (வேலையின்போது குறையும் துணி எடை) எத்தனை சதவீதம், ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி, கடைசி வரியில் நம் லாபம் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். அது போட்டிக் கம்பெனி கையில் கிடைத்தால், பீஸுக்கு ஐந்து சென்ட் குறைத்துக் கோட் செய்து ஆர்டரைத் தூக்கிவிடலாம். அடுத்தது டெக் பேக், அதாவது ஆடையின் டிசைன், அளவு விவரம் அடங்கிய ஃபைல். அது பையருடையது, வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியது நாம். இந்த மாதிரி நாலைந்தைப் பெயர் சொல்லி, வேலைக்குச் சேரும்போதே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. அதனால் அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் வாட்ஸ்அப். உண்மையான ஓட்டை இதுதான். சாம்பிள் போட்டோ, ரேட், ஷிப்மென்ட் தேதி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. மெர்ச்சண்டைசரின் சொந்த நம்பரில் ஓடினால், அவர் போகும் அன்று பையரும் பழைய பேச்சும் சேர்ந்தே போகும். சொந்த போனை வாங்கிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை, பார்க்கவும் கூடாது. சேரும் நாளிலேயே கம்பெனி பெயரில் உள்ள சிம்மும் போனும் கொடுத்துவிடுவதுதான் வழி. திரும்ப வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். இணைத்திருக்கும் மற்ற கணினிகளிலிருந்து லாக் அவுட் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு வைத்த ரகசிய எண்ணையும் (PIN) கேட்டு வாங்க வேண்டும். அது தெரியாமல் வேறு போனில் அந்தக் கணக்கைத் திறக்கப் போனால், 7 நாள் காத்திருக்க வேண்டி வரலாம். ஷிப்மென்ட் வாரத்தில் அது பெரிய தலைவலி.

மெயிலில், வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு ஆகிறதா என்று பாருங்கள். கூகுள் கணக்கை அவசரப்பட்டு நீக்காதீர்கள். டிரைவ் ஃபைல்களை முதலில் இன்னொருவர் பெயருக்கு மாற்றுங்கள்; நீக்கிய கணக்கை மீட்க 20 நாள்தான் உண்டு. 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று பகிர்ந்தவற்றையும் மூடுங்கள். அக்கவுண்ட்ஸ் ஆள் போகிறார் என்றால் கணக்கு மென்பொருளான டாலியின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது. ஜிஎஸ்டி போர்ட்டலில் யாருடைய மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பல ஆபீஸ்களில் அக்கவுண்டன்டின் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. அதை எடுத்து முதலாளி கையில் கொடுங்கள்.

ரிசைன் கடிதம் வந்த நாளிலிருந்து, அவர் முடிக்க வேண்டிய ஆர்டருக்குத் தேவையான ஃபோல்டர் மட்டும் திறந்திருக்கட்டும். ஆளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்காதீர்கள். கடைசி நாளில் நான் நேராகவே கேட்பேன்: "தம்பி, வீட்டு லேப்டாப்புல நம்ம ஃபைல் ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா சொல்லிருங்க, ரெண்டு பேரும் உட்கார்ந்து அழிச்சிரலாம்." பெரும்பாலும் இருக்கும், ராத்திரி வேலைக்காக அனுப்பிக்கொண்டதாக. பயமில்லாமல் கேட்டால் உண்மையைச் சொல்கிறார்கள். அழித்ததை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் பாக்கிச் சம்பளத்தையும் பிடித்து வைத்து மிரட்டுவது கேவலமான வழக்கம். வெறுப்போடு போகிறவரிடமிருந்துதான் ஃபைல் கசியும்.

இத்தனைக்குப் பிறகும் கசிந்துவிட்டால், அவர் லேப்டாப்பை ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆதாரம் அதில்தான் இருக்கிறது. அணைத்து, பூட்டி வைத்து, வக்கீலைப் பாருங்கள். அனுமதியில்லாமல் தரவை நகலெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்கலாம். மோசடி நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. வாடிக்கையாளர் பட்டியலுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு என்று 1995-இல் பர்லிங்டன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 2006-இல், வாடிக்கையாளர் விவரம் பற்றிய அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் அதே நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. ஆகவே பையர்களின் பெயர், முகவரியை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். எந்தத் தேதியில் எந்த ஃபைல் எந்த முகவரிக்குப் போனது என்ற கணினிப் பதிவு (log) கையில் இருந்தால் போங்கள்.