விசா வேண்டாத வெளிநாடு: நேபாள ஊழியப் பயணத்தில் நாம் செய்யும் தவறுகள்

நேபாளத்துக்கு ஊழியப் பயணம் போகிற தமிழ்ச் சபைக் குழுக்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். அது வெளிநாடு என்பதே மறந்துபோகிறது. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. அரைகுறை இந்தி இருந்தால் கடைவீதியில் சமாளித்துவிடலாம். இரண்டு வேளையும் சோறு. ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற கணக்கு 1993 முதல் மாறவில்லை. கென்யாவுக்குப் போவதென்றால் ஆறு மாதம் முன்பே கூடிக் கூடிப் பேசுகிற குழு, காத்மாண்டுவுக்குக் கிளம்பும்போது கொடைக்கானல் முகாமுக்குப் போவதுபோலக் கிளம்புகிறது. கீழே சொல்பவற்றில் பாதி நானே செய்தவை.

முதல் அடி விமான நிலையத்திலேயே விழும். ஆதார் அட்டை போதும் என்று நம்பி வருகிறவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கிறார். விமானத்தில் போவதற்குப் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வேண்டும். ஆதாரைக் காட்டிப் போகலாம் என்பது 15 வயது நிரம்பாதவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டும். இறங்கியதும் கைக்கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள். அந்த நாட்டின் நேரம் நம்மைவிடப் பதினைந்து நிமிடம் முந்தி ஓடுகிறது.

கிழமையில் இன்னும் பெரிய சறுக்கல் காத்திருக்கிறது. நெடுங்காலமாக அங்கே வார விடுமுறை சனிக்கிழமை. பெரும்பாலான சபைகள் கூடுவதும் அன்றுதான். இது தெரியாமல் எங்கள் முதல் பயணத்தில் சனிக்கிழமையை ஊர் சுற்றிப் பார்க்க ஒதுக்கி, ஞாயிறு காலை நான்கு செய்திகளுக்குத் தலைப்போடு அட்டவணை போட்டு அனுப்பியிருந்தோம். உள்ளூர்ப் போதகர் மறுப்புச் சொல்லவில்லை. நாங்கள் வருகிறோம் என்பதற்காகவே ஞாயிறன்று சிலர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமைக்கு அந்தச் சபைகளில் இன்னொரு நினைவும் உண்டு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஒரு சனிக்கிழமை முற்பகல் 11:56-க்கு வந்தது. ஆராதனையில் கூடியிருந்தவர்கள்மீதே கூரை இடிந்து விழுந்த இடங்கள் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர், நல்ல மனிதர், ஊரில் நன்றாகப் பிரசங்கம் செய்பவர், அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் பூமியதிர்ச்சியைத் தேவனுடைய எச்சரிக்கைக்கு உதாரணமாக எடுத்தார். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒரு கணம் நின்றார். பிறகு எதையோ சொன்னார். கூட்டம் அமைதியாகத் தலையாட்டியது. வெளியே வந்தபின் என்ன மொழிபெயர்த்தாய் என்று கேட்டேன். “தேவன் நம்மோடு இருக்கிறார் என்று சொன்னேன்” என்றார். அந்தப் பையனுக்கு இருந்த விவேகம் மேடையில் இருந்த எங்களுக்கு இல்லை.

மொழிபெயர்ப்பாளர் பேச்சு வந்ததால் ஒன்று. தமிழைப் போலவே நேபாளியிலும் வினைச்சொல் கடைசியில் வரும். நீங்கள் வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போனால் அவர் காத்துக்கொண்டே நிற்பார். சிறு வாக்கியமாகப் பேசுங்கள். உவமைகளைக் குறையுங்கள். நகைச்சுவையை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் நாம் அதிகம் சறுக்குவது பிரசங்க மேடையில் இல்லை; தங்குகிற வீட்டில்தான். காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் ஒரு விசுவாசி வீட்டின் இரண்டாம் மாடியில் எட்டுப் பேர் தங்கினோம். குளிக்காமல் வேதத்தைத் திறக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். காலையில் ஒன்று, தூசியில் அலைந்துவிட்டு வந்து மாலையில் ஒன்று, ஆளுக்கு இரண்டு வாளி. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. மூன்றாம் நாள் விடியுமுன் விழித்துச் சன்னல் வழியே பார்த்தால், வீட்டு அம்மாவும் மகளும் பிளாஸ்டிக் கேன்களோடு தெருமுனைக் கல்தாரைக்கு, அதாவது கல்லில் செதுக்கிய பொதுத் தண்ணீர்க் குழாய்க்கு, போய்க்கொண்டிருந்தார்கள். பாதன் என்றும் அழைக்கப்படும் அந்த ஊரில் பல நூற்றாண்டுப் பழமையான அந்தக் கல்தாரைகளில் சிலவற்றில் இன்றும் தண்ணீர் விழுகிறது. தொட்டியை லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புகிறார்கள், நாங்கள் வந்தபின் அதுவும் போதவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. விருந்தாளியிடம் தண்ணீர்க் கணக்குச் சொல்வது அங்கே மரியாதை இல்லை. போன அன்றே நீங்களாகக் கேளுங்கள். ஒரு வாளி போதும். குளிர்காலத்தில் அவர்கள் தினமும் குளிப்பதில்லை என்று பார்த்துவிட்டு, அறைக்குள் தமிழில் பேசிச் சிரிக்காதீர்கள். தொனிக்கு மொழி கிடையாது.

சாப்பாட்டு நேரமும் வேறு. காலையில் சர்க்கரை தூக்கலாகப் பால் தேநீர், கூட இரண்டு பிஸ்கட். ஒன்பது, பத்து மணிவாக்கில் சோறும் பருப்பும் தர்காரி என்ற காய்கறிக் குழம்பும். மதியம் அவலோ நூடுல்ஸோ ஏதாவது சிற்றுண்டி. இரவு மறுபடி சோறு. எட்டு மணிக்கு இட்லி வரும் என்று பழகிய வயிறு ஒன்பது மணிக்குள் கோபித்துக்கொள்ளும். பையில் முறுக்கு இருந்தால் வீட்டாருக்கும் கொடுத்துச் சாப்பிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு கொறிக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்கும். விருந்தாளிகளும் ஆண்களும் முதலில், பெண்கள் கடைசியில் என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தட்டில் விழுந்துகொண்டே இருக்கும் சோற்றை மரியாதைக்காக வாங்கிக்கொண்டே போனால், பானையில் மீதி எவ்வளவு என்பதை யோசிக்க வேண்டும். தட்டின்மேல் கையைக் காட்டி “புக்யோ” என்று சொன்னால் போதும் என்று பொருள். ‘ஜூட்டோ’ என்றால் நம் எச்சில்தான். சாப்பிட்ட கையால் கரண்டியைத் தொடுவதும் பாட்டிலை வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவருக்கு நீட்டுவதும் அங்கேயும் முகம் சுளிக்க வைக்கும். நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பயணம் என்று வந்தால் பாட்டி சொன்னதெல்லாம் மறந்துவிடுகிறது.

முறை வைத்துக் கூப்பிடப் பழகிக்கொள்ளுங்கள், பெயர் சொல்லாதீர்கள். அக்காவுக்கு ‘திதி’, தங்கைக்கு ‘பஹினி’. அண்ணனைக் கூப்பிடுகிற சொல் நம் காதில் ‘தாய்’ என்றே விழும். அம்மாவுக்கோ ‘ஆமா’. இதில் வேடிக்கை என்னவென்றால், எங்களில் ஒருவர் யார் எது சொன்னாலும் “ஆமா, ஆமா” என்று தமிழில் தலையாட்டுகிறவர். ஒவ்வொரு முறையும் வீட்டு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார். சபையில் வணக்கத்துக்கு “ஜெய்மசீஹ்”. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார வேண்டியிருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் சபைகளும் உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகளிலும் இதே வழக்கம்தான்.

வாயிலிருந்து வரவே கூடாத ஒரு சொல் ‘கூர்க்கா’. நமக்கு அது இரவுக் காவலாளி. அவர்களுக்கு அது ஒரு மாவட்டத்தின் பெயர், படைப்பிரிவின் பெயர், பெருமை. பிழைக்க வந்து நம் தெருக்களில் விசில் ஊதி நடந்தவர்களின் வலியும் அதில் கலந்திருக்கிறது. “எங்கள் தெருவிலும் ஒரு கூர்க்கா இருக்கிறார்” என்று நட்பாகத்தான் சொல்கிறோம். கேட்கிறவருக்கு அது நட்பாகக் கேட்காது. புத்தர் இந்தியாவில் பிறந்தார் என்றும் சொல்லிவிடாதீர்கள், லும்பினி நேபாளத்தில் இருக்கிறது.

இனிச் சட்டம். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2015 அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு மதமாற்றச் செயல்களைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடுகடத்தல். கைப்பிரதி கொடுக்கலாமா, தெருவில் பாடலாமா, வீடு வீடாகப் போகலாமா என்பதெல்லாம் உங்கள் தைரியத்தைப் பொறுத்த கேள்வி இல்லை. உள்ளூர்ச் சபை வேண்டாம் என்றால் வேண்டாம். 2021 கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லாத நாடு அது. நீங்கள் பத்தாம் நாள் விமானம் ஏறிவிடுவீர்கள். விசாரணை என்று வந்தால் அந்தப் போதகர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இதனால்தான் புகைப்பட விஷயத்தில் நான் கடுமையாக இருக்கிறேன். ஜெபத்துக்குத் தலைகுனிந்திருக்கிற முகங்களை எடுத்து, ஊர்ப் பெயரோடு, ‘இன்று இத்தனை ஆத்துமாக்கள்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அது எத்தனை கை மாறும் என்று யாருக்குத் தெரியும்? காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. மலையைக் காட்டுங்கள், சோற்றுத் தட்டைக் காட்டுங்கள். முகங்கள் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம்.

பணம் கொடுப்பதாக இருந்தால் சபை வழியாகக் கொடுங்கள். ஒரு வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கென்று கையில் திணித்துவிட்டு வந்தால், அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டார் அந்த வீட்டாரோடு பேசமாட்டார்கள். பழைய துணி மூட்டையை இங்கிருந்து சுமந்து போகாதீர்கள். ‘அடுத்த வருடம் கட்டாயம் வருகிறோம்’ என்று குழந்தைகளிடம் சொல்லாதீர்கள்; நாங்கள் சொன்னோம், அடுத்த வருடம் போகவில்லை. அதற்கடுத்த வருடம் போனபோது ஒரு சிறுமி எங்கள் எட்டுப் பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, வராத மூவர் எங்கே என்று கேட்டாள்.

கிளம்புகிற அன்று வீட்டு அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தார். குந்த்ருக், புளிக்கவைத்து உலர்த்திய கீரை. விமான நிலையப் பரிசோதனையில் பையைத் திறந்த காவலர் அந்த வாசனைக்கே சிரித்துவிட்டார். பொட்டலத்தைச் சுட்டிக்காட்டி, “ஆமா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன்.