பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தின் செயல்திறனையும் ஆயுளையும் சேர்த்தே உயர்த்தும் முறை

2009-இல் 3.8 விழுக்காடு செயல்திறனோடு அறிமுகமான பெரோவ்ஸ்கைட் (ஒளியை உறிஞ்சும் ஒருவகைப் படிகப் பொருள்) மின்கலம், இன்று ஆய்வகச் சிறு கலங்களில் 26 விழுக்காட்டைக் கடந்துவிட்டது. அப்படியிருந்தும் சிலிக்கான் தகடுகளின் இடத்தை அது பிடிக்காததற்கு முதன்மைக் காரணம் ஆயுள் குறைவே. செயல்திறனை முதலில் எட்டிவிட்டு நிலைத்தன்மையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் இருமுறை உழைக்க வேண்டியிருக்கும். பெரோவ்ஸ்கைட் படலத்தின் பரப்பிலும் படிக எல்லைகளிலும் உள்ள குறைபாடுகள்தாம் மின்னூட்டங்களை வீணாக்கி மின்னழுத்தத்தைக் குறைக்கின்றன; அயனிகள் நகர்ந்து கலத்தைச் சிதைப்பதற்கு வழிவிடுபவையும் அவைதாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது கலவை. மெத்தில் அமோனியம் ஈய அயோடைடு செய்வதற்கு எளிது. ஆனால் 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து இருந்தால் மெத்தில் அமோனியம் ஆவியாக வெளியேறி, மஞ்சள் நிற ஈய அயோடைடு மட்டும் எஞ்சும். அதற்கு மாற்றாகச் சேர்க்கும் ஃபார்மமிடினியம் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், அதன் கரிய படிக வடிவம் அறை வெப்பநிலையில் மெல்ல மெல்லப் பயனற்ற மஞ்சள் வடிவத்துக்கு மாறிவிடும். சிறிதளவு சீசியம் சேர்த்தால் கரிய வடிவம் நிலைபெறும். அயோடைடின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கும் புரோமைடும் கைகொடுக்கும்; ஆனால் அளவு மீறினால், ஒளி படும்போது அயோடைடும் புரோமைடும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து மின்னழுத்தம் சரியும். புதிதாகத் தொடங்குபவர்கள் 5 விழுக்காடு சீசியமும், பெரும்பங்கு ஃபார்மமிடினியமும், சிறுபங்கு மெத்தில் அமோனியமும் கொண்ட மும்மைக் கலவையில் கைபழகுவதே நல்லது. சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும்.

வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் படலம் உருவாகும் சில வினாடிகளிலேயே முடிவாகிவிடுகின்றன. டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃபார்மமைடு), டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்பாக்சைடு) ஆகிய கரைப்பான்களை 4:1 என்ற பருமன் விகிதத்தில் கலந்து பயன்படுத்துவது வழக்கம், டி.எம்.எஸ்.ஓ. ஈய அயோடைடோடு இடைநிலைச் சேர்மமாகப் பிணைந்து, படிகம் அவசரப்பட்டு வளர்வதைத் தடுக்கிறது. நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகள் சுழலும் கண்ணாடியின் மேல் கரைசலைப் பரப்பி, சுழற்சி முடிவதற்குச் சில வினாடிகளுக்கு முன்பு, குளோரோபென்சீன் போன்ற எதிர்க்கரைப்பானை (கரைந்திருப்பதைப் படிய வைக்கும் திரவத்தை) நடுவில், கை நடுங்காமல், ஒரே சீராக விட வேண்டும். சரியான கணத்தில் விட்டிருந்தால் படலம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். 100 டிகிரி சூடான தட்டில் வைத்த சில வினாடிகளில் பளபளக்கும் கருமைக்கு மாறும். தாமதித்திருந்தால் பால்போன்ற மங்கல் படரும். அந்தக் கண்ணாடியைச் சூடாக்கிப் பார்த்தும் பயனில்லை, ஒதுக்கிவிடலாம். நேற்று நன்றாக வந்த செய்முறை இன்று வராவிட்டால், கரைசலைச் சந்தேகிக்கும் முன் கையுறைப் பெட்டியில் (வெளிக்காற்று புகாத வேலைப் பெட்டியில்) தேங்கியிருக்கும் கரைப்பான் ஆவியை வெளியேற்றிப் பாருங்கள். கரையும் ஈயச் சேர்மங்கள் நச்சுத்தன்மை உடையவை; கையுறையும் தனிக் கழிவுக் கலனும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது.

கரைசலில் ஈய அயோடைடைச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தால் தொடக்கச் செயல்திறன் உயர்வதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஆனால் எஞ்சி நிற்கும் ஈய அயோடைடு ஒளியில் சிதைவதால், அந்த உயர்வு பிற்பாடு ஆயுளைக் குறைக்கும். அதைவிட, ஃபினெத்தில் அமோனியம் அயோடைடு போன்ற உப்பை ஐசோபுரொப்பனாலில் மிகக் குறைந்த செறிவில் கரைத்து, முடிந்த படலத்தின் மேல் மெல்லியதாகப் பூசி, பரப்பின் குறைபாடுகளை அடைப்பது மேல். பூச்சு தடித்தால் மின்னூட்டம் வெளியேற வழியின்றி மின்னோட்டம் குறையும். பூசுவதற்கு முன்னும் பின்னும் படலத்தின் ஒளிர்வுத் திறனை (ஒளி பட்டதும் அது திருப்பி உமிழும் ஒளியின் பங்கை) அளந்து பார்க்க வேண்டும். அது பத்து மடங்கு கூடினால், அறை வெப்பநிலையில் சுமார் 60 மில்லிவோல்ட் வரை மின்னழுத்தம் கூட இடமுண்டு. ஒரு முழுக் கலத்தைச் செய்து முடிப்பதற்கு முன்பே கிடைக்கும் இந்த எண்ணைத் தவறவிடக் கூடாது.

பெரோவ்ஸ்கைட்டுக்கு மேலேயும் கீழேயும் அமைந்து மின்னூட்டங்களை வெளிக்கொண்டு செல்லும் கடத்துபடலங்களும் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. எலக்ட்ரான்களைக் கடத்தும் டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதா ஒளியில் வினையூக்கியாகிப் பெரோவ்ஸ்கைட்டையே தாக்கும் என்பதால், வெள்ளீய ஆக்சைடைத் தேர்ந்தெடுக்கலாம். துளைகள் எனப்படும் நேர்மின்னூட்டங்களைக் கடத்தும் ஸ்பைரோ என்ற கரிமச் சேர்மத்தோடு கலக்கும் லித்தியம் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வெள்ளி மின்வாயோ அயோடைடோடு வினைபுரிந்து வெள்ளி அயோடைடாகும். நெடுங்கால நிலைத்தன்மையே நோக்கம் என்றால், அடுக்குகளின் வரிசையைத் தலைகீழாக அமைத்து, துளைகளைக் கடத்தும் கார்பசோல் ஒற்றை மூலக்கூற்றுப் படலத்தின் மேல் பெரோவ்ஸ்கைட்டைப் பூசி, எலக்ட்ரான்களைக் கடத்தும் ஃபுல்லரினுக்கும் (கார்பன் மூலக்கூற்றுப் படலத்துக்கும்) உலோக மின்வாய்க்கும் இடையே செறிவான வெள்ளீய ஆக்சைடுத் தடுப்பு வைக்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன்.

ஈரமும் காற்றும் புகாமல் கலத்தை மூடுவதற்கு இரு கண்ணாடிகளும் ஓரத்தில் பியூட்டைல் ரப்பரும் போதும்; ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசெட்டேட்) பசை வேண்டாம், அது நாளடைவில் அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும்.

சோதனையில் ஒருமுறை எடுத்த மின்னோட்ட–மின்னழுத்த வளைகோட்டை மட்டும் நம்பக் கூடாது. அளக்கும் திசையை மாற்றினால் வளைகோடும் மாறுவது இவ்வகைக் கலங்களின் இயல்பு. ஆகவே இரு திசைகளிலும் அளந்து, மின்திறன் மிகுதியாகக் கிடைக்கும் உச்சத் திறன் புள்ளியில் நிறுத்தித் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். சூரியத் தகடுகளுக்கான ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 61215 தரத்தின்படி 85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம் ஆகியவற்றில் 1,000 மணி நேரமும், −40 முதல் 85 டிகிரி வரை 200 சுழற்சிகளும் தாங்க வேண்டும். ஒளியை விட்டுவிட்டுக் கொடுத்தும் பாருங்கள். தொடர் ஒளியில் தாக்குப்பிடித்த கலம் பகல்–இரவு மாற்றத்தில் தளர்வதுண்டு.

தோற்ற கலத்தைக் குப்பையில் போடுவதற்கு முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் நிறம் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவியிருந்தால் மூடிய இடத்தில் கசிவு இருக்கும். படலம் முழுதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் கலவையையோ வெப்பத்தையோ ஐயப்பட வேண்டும். மின்வாய்க்கு அடியில் மட்டும் நிறம் மாறியிருந்தால், தடுப்புப் படலத்தில் எங்கோ துளை இருக்கிறது என்று கொள்ளலாம்.